டவர் ஊமையான பிறகு: பேரிடரில் செயற்கைக்கோள் தொடர்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயலோ வெள்ளமோ வந்தால் முதலில் எழும் புலம்பல் "போன் போகவே மாட்டேங்குது" என்பதுதான். அந்த நேரத்தில் செயற்கைக்கோள் வழித் தொடர்பு எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழகக் கடலோரத்தை மனதில் வைத்து எழுதியவை. வெளிநாட்டு அனுபவம் உதவும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

புயல் அடித்ததும் செல்போன் செத்துவிடுகிறதே, டவர் விழுந்துவிடுவதாலா?

சில டவர்கள் விழும். ஆனால் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நின்றபடி ஊமையாகிவிடும். முதல் காரணம் கரண்ட். டவர் அடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், டீசல் வண்டி வர சாலை வேண்டும். சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தால் அத்தோடு சரி. இரண்டாவது காரணம் ஃபைபர் கேபிள். டவரையும் நகரத்து எக்ஸ்சேஞ்சையும் இணைக்கும் அந்தக் கேபிள் சில இடங்களில் கம்பங்களில் தொங்குகிறது, சில இடங்களில் பாலத்தை ஒட்டிப் போகிறது. கம்பம் சாய்ந்தாலும் பாலம் போனாலும் டவருக்கு உயிர் இருந்தும் பேச வழி இருக்காது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தனை கம்பமும் நட்டு முடியும்வரை டவரை மட்டும் தனியாக உயிர்ப்பித்து வைப்பது லேசான வேலை இல்லை. அமெரிக்காவின் பிடியில் உள்ள பியூர்ட்டோ ரிக்கோ தீவை 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கியபோது அங்கிருந்த செல்போன் தளங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் முடங்கின. பணக்கார நாடு என்பதால் கம்பி அறுபடாமல் இருந்துவிடாது.

செயற்கைக்கோள் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

உங்கள் கையில் உள்ள கருவி நேரடியாக வானத்தோடு பேசுகிறது. செயற்கைக்கோள் அதை வாங்கி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மழையே இல்லாத ஊரில் இருக்கும் தரை நிலையத்தில் இறக்குகிறது. பாதிக்கப்பட்ட பகுதியில் இருக்கும் கம்பம், கேபிள், டவர் எதையும் அது நம்பியிருப்பதில்லை. தப்பிக்கும் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள். நம் இன்சாட், ஜிசாட் எல்லாம் இந்த வகைதான். ஒன்றே ஒரு செயற்கைக்கோள் முழு இந்தியாவையும் பார்க்கும். ஆனால் தூரம் அதிகம் என்பதால் நீங்கள் பேசுவது மறுமுனைக்குப் போக கால் விநாடி, பதில் வர இன்னொரு கால் விநாடி. பழகாதவர்கள் ஒருவர்மேல் ஒருவர் பேசிக் குழம்புவார்கள். பேசி முடித்ததும் வயர்லெஸ்ஸில் சொல்வதுபோல "ஓவர்" சொல்வது நல்ல பழக்கம்.

மற்றொன்று, தாழ்வாகப் பறப்பவை. சாட்டிலைட் போன் சேவை தரும் இரிடியம் நிறுவனம் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுவதையும் பார்க்கிறது. இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் ஆயிரக்கணக்கில் பறக்கவிட்டிருக்கிறது. தாமதம் குறைவு, வேகம் அதிகம். ஒன்று தொடுவானத்தில் மறைவதற்குள் அடுத்தது வந்து பொறுப்பேற்க வேண்டும் என்பதால்தான் இத்தனை எண்ணிக்கை.

மழை பெய்தாலே வீட்டு டிடிஎச் நின்றுவிடுகிறது. புயலில் இது மட்டும் எப்படி வேலை செய்யும்?

நல்ல கேள்வி. டிடிஎச் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையின் அலைநீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கனமழையின் துளிகள் அதை விழுங்கிவிடும். அதைவிட உயர்ந்த கேஏ அலைவரிசை இன்னும் மோசம். சாட்டிலைட் போன்கள் பெரும்பாலும் எல் அலைவரிசையில் இயங்குகின்றன. அலைநீளம் 20 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் மழையைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போகும். ஆனால் வேகம் குறைவு: பேசலாம், செய்தி அனுப்பலாம், வீடியோ பார்க்க முடியாது. மழையைத் தாங்குவது மெதுவாக இருக்கும், வேகமானது மழையில் திணறும். இந்தப் பேரத்திலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. அதனால்தான் புயல் அடிக்கும் இரவுக்கு எல் அலைவரிசை போனும், புயல் ஓய்ந்த காலைக்கு டிஷ்ஷும் என்று இரண்டையும் வைத்திருப்பார்கள்.

நம் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தியச் செயற்கைக்கோள்களில் பல கிழக்கு தீர்க்கரேகை 74, 83 பாகைகளின் அருகே நிற்கின்றன. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆகவே தமிழகத்திலிருந்து பார்த்தால் அவை கிட்டத்தட்ட உச்சிக்கு மேலே, 75 பாகை உயரத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டிடமோ தென்னையோ மறைப்பது குறைவு. மழை மேகத்தின் ஊடாக அலை கடக்க வேண்டிய தூரமும் குறைவு. தொல்லை என்னவென்றால், வானத்தைப் பார்த்தே நிமிர்ந்திருக்கும் டிஷ்ஷில் தண்ணீர் தங்கும். அதைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும்.

அப்படியென்றால் சாட்டிலைட் போன் ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் முடியாது. கடையில் வாங்கி சிம் போட்டுப் பேசும் விஷயம் அல்ல இது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்கள் வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் சாட்டிலைட் போன் பயன்படுத்திய பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. சட்டப்படி கிடைப்பது, இன்மார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக பிஎஸ்என்எல் 2017 முதல் தரும் சேவை. அழைப்புகள் இந்தியாவில் உள்ள தரை நிலையம் வழியாகவே போகும் என்பதால் அரசுக்கு ஆட்சேபம் இல்லை. பேரிடர் மீட்புப் படை, காவல்துறை, ரயில்வே, கப்பல்கள், ஆழ்கடல் படகுகள் போன்றவை விண்ணப்பித்துப் பெறலாம்.

துபாயிலிருந்து வரும் மச்சான் ஒன்று வாங்கி வந்தால்?

வேண்டாம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். மலையேறுபவர்கள் பையில் தொங்கவிடும் சின்னச் சாட்டிலைட் மெசேஜ் கருவிக்காகக்கூட 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள்.

கடலில் இருப்பவர்கள் நிலை என்ன? ஒக்கி புயலில் அவ்வளவு பேர் இறந்தது தொடர்பு இல்லாததாலா?

தொடர்பு இல்லாதது பெரிய காரணம். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

2017 நவம்பர் கடைசி. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து விசைப்படகுகள் தங்கல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டா. கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அரபிக்கடலில் தொழில் செய்பவை அவை. இலங்கைக்குத் தெற்கே இருந்த காற்றழுத்தம் மளமளவென்று வலுத்து, நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் ஒக்கி புயலாக மாறியது. அதற்கான எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அந்தப் படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. அவர்களிடம் இருந்தது விஎச்எஃப் வயர்லெஸ். அது பார்வைக்கோட்டில்தான் போகும். பூமி வளைந்திருப்பதால் படகுக்குப் படகு 20, 30 கிலோமீட்டர் போனால் பெரிது. கரையில் உயரமான ஆண்டெனா இருந்தால் இன்னும் கொஞ்சம் எட்டும். நூறு கடல் மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு அது வெறும் பெட்டி.

சேதி ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கைமாறிப் போனால்தான் உண்டு. நடுவில் ஒரு படகு இல்லாவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். புயலில் தப்பிய படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம் என்று போய் ஒதுங்கின. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே வீட்டில் இருந்தவர்களுக்கு நாள்கணக்கில் தெரியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை.

தேடுதலிலும் இதே சிக்கல் வந்தது. எத்தனை படகு எந்தத் திசையில் போயிருக்கிறது என்ற கணக்கு தெளிவாக இல்லை. விமானமும் கப்பலும் இருந்தாலும் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டுமே.

அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது. ஆனால் துண்டு துண்டாக.

முதலில் வந்தது ஒருவழிச் செய்தி. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் இடங்காட்டும் சிக்னலோடு சிறு எச்சரிக்கைச் செய்தியையும் அனுப்பக்கூடியவை. அதை வாங்கும் கருவிகளை 2018இல் கேரள மீனவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். தமிழக அரசு ஆழ்கடல் படகுகளுக்கு மானியத்தில் சாட்டிலைட் போன் கொடுக்கத் தொடங்கியது. 2019 அக்டோபரில் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தன. விமானங்களுக்காக உருவாக்கிய ககன் செயற்கைக்கோள் சேவை வழியாகப் புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் இருக்கும் இடம் எல்லாம் வந்து, புளூடூத்தில் செல்போனுக்கு மாறும். நல்ல யோசனைதான். ஆனால் அதில் கேட்கலாம், பேச முடியாது. "புயல் வருகிறது, திரும்பு" என்ற செய்தி வரும். "இன்ஜின் நின்றுவிட்டது, எப்படித் திரும்புவது" என்று அதில் திருப்பிச் சொல்ல வழி இல்லை.

எதிர்த்திசைக்கு வேறொரு கருவி 2010 முதலே இருந்தது. இஸ்ரோவின் டாட் என்னும் அவசர அழைப்புக் கருவி. பட்டனை அழுத்தினால் படகின் அடையாளமும் இருப்பிடமும் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குச் சேரும். அதில் பதில் வராது. கொட்டும் மழையில் பட்டனை அழுத்தியவனுக்கு, தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி இந்தக் குறையைச் சரிசெய்கிறது: மையத்திலிருந்து "கிடைத்தது" என்ற ஒப்புதல் நாவிக் வழியாகத் திரும்பி வருகிறது. கேட்க அற்பமாகத் தோன்றலாம். கவிழப்போகும் படகில் இருப்பவர் டீசலைச் சேமித்துக்கொண்டு காத்திருப்பதா, அல்லது இருக்கிற டீசலை எரித்துக் கரையை நோக்கிப் போவதா என்பதை அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கிறது.

இப்போது நடப்பது மூன்றாவது கட்டம். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் 364 கோடி ரூபாயில் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்னும் இருவழிச் செய்திக் கருவியை இலவசமாகப் பொருத்தும் வேலை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகப் படகும் கரையும் குறுஞ்செய்தி பரிமாறலாம். அந்தச் செயற்கைக்கோளில் 6 மீட்டர் அகலத்துக்கு விரியும் ஆண்டெனா இருக்கிறது. மேலே இருக்கும் காது பெரிதாக இருந்தால் கீழே இருக்கும் கருவி சிறிதாக இருந்தால் போதும். படகில் பெரிய டிஷ் தேவைப்படாதது அதனால்தான்.

மீனவர்களில் சிலருக்குத் தயக்கமும் இருக்கிறது. எப்போதும் இருப்பிடம் சொல்லிக்கொண்டிருக்கும் பெட்டி, மீன் கிடைக்கும் ரகசிய இடத்தையும் எல்லையோரத்தில் தொழில் செய்வதையும் அதிகாரிகளுக்குக் காட்டிக்கொடுக்குமே என்று. இதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. தண்டிப்பதற்குப் பயன்படும் என்று தோன்றினால் எந்தக் கருவியையும் மனிதர் அணைத்துத்தான் வைப்பார். உயிர் காக்கும் தகவல் வழக்குப் போடப் பயன்படாது என்ற உறுதியை எழுத்தில் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும் என்பது என் எண்ணம்.

அவசர பட்டனை அழுத்தினால் சரியாக என்ன நடக்கும்?

கப்பல்களிலும் பெரிய படகுகளிலும் இருக்கும் ஈபிர்ப் என்ற பீக்கன், அதாவது அவசர சிக்னல் கருவி, 406 மெகாஹெர்ட்ஸில் கூவும். தண்ணீரில் மிதந்தால் சிலவகைகள் தானாகவே கூவத் தொடங்கும். அதைக் கேட்பது காஸ்பாஸ்-சார்சாட் என்ற உலகளாவிய அமைப்பு. பனிப்போர் உச்சத்தில் இருந்த 1979இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் கைகோத்து உருவாக்கியது. ஏவுகணைகளை ஒருவர்மேல் ஒருவர் குறிவைத்திருந்த நாடுகள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். இந்தியாவின் தரை நிலையங்கள் பெங்களூரிலும் லக்னோவிலும் இருக்கின்றன. சிக்னலில் உள்ள எண்ணை வைத்து உரிமையாளர் யார் என்று பார்த்து, பதிவில் இருக்கும் போன் எண்ணுக்கு முதலில் அழைப்பார்கள், ஏனென்றால் தவறுதலாக அழுந்துவதே அதிகம். பிறகு சென்னை, மும்பை, ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேயர்) உள்ள கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களில் உரியதற்குத் தகவல் போகும்.

இதில் பலர் விடும் பிழை: படகை விற்றாலும் பீக்கன் பதிவை மாற்றுவதில்லை. அழைப்பு பழைய உரிமையாளர் வீட்டில் அடிக்கும். பதிவைப் புதுப்பித்துவிடுங்கள்.

இதெல்லாம் புதிதாக வந்ததா?

இல்லை. 1980களின் நடுவிலேயே தமிழக, ஆந்திரக் கடலோரத்தில் இன்சாட் வழியாக இயங்கும் புயல் எச்சரிக்கைப் பெட்டிகளை வானிலைத் துறை வைத்தது. சென்னை மையத்திலிருந்து குறிப்பிட்ட மாவட்டங்களின் பெட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்து எழுப்பலாம். முதலில் சைரன் ஊளையிடும், அப்புறம் அந்தந்த ஊர் மொழியில் எச்சரிக்கை ஒலிக்கும். யாரும் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 1990 மே மாதம் ஆந்திரக் கடலோரத்தைத் தாக்கிய கடும் புயலுக்கு முன் மக்களைப் பெரிய அளவில் வெளியேற்ற இது உதவியது. தூங்குபவனை எழுப்பும் அந்தச் சைரனுக்கு இணையான ஒன்று பல வருடம் நம் செல்போன்களில் இல்லை.

சுனாமி எச்சரிக்கையும் செயற்கைக்கோளை நம்பித்தான் இருக்கிறது. 2004க்குப் பிறகு, 2007 அக்டோபரில் இன்காய்ஸில் தொடங்கிய மையம் கடலடியில் அழுத்தமானிகளை வைத்திருக்கிறது. அவை ஒலி அலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது.

செயற்கைக்கோள் படம் எடுப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. வெள்ளம் எங்கே நிற்கிறது என்று ரேடார் படம் எடுப்பது வேறு வகைச் செயற்கைக்கோள். ஆனால் அந்தப் படம் சென்னையில் இருந்தால் போதாது. படகோடு நிற்கும் மீட்புக் குழுவின் கைக்குப் போய்ச் சேர இந்தத் தொடர்பு வேண்டும்.

முதல் 24 மணி நேரத்தில் யார் என்ன கொண்டு வருவார்கள்?

2023 டிசம்பர் 17, 18ஐ எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். செல்போன் பேட்டரி குறையக் குறைய வெளியுலகத்தோடு இருந்த நூலும் மெலிந்தது. இப்படித் துண்டிக்கப்பட்ட இடத்துக்குள் முதலில் போக வேண்டியது அரிசியா, தொடர்புக் கருவியா என்று கேட்டால், தொடர்புதான் என்பேன். எத்தனை பேர், யாருக்கு உடம்பு சரியில்லை, ஹெலிகாப்டர் எங்கே இறங்கலாம் என்று தெரியாமல் அனுப்பும் அரிசி தவறான ஊரில் இறங்கும்.

அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் போன்ற குழுக்களிடம் சாட்டிலைட் போன்களும், பெட்டியில் மடித்து எடுத்துப்போகும் விசாட் டிஷ்களும் இருக்கும். போன் உடனே வேலை செய்யும், வெளியே வந்து ஆண்டெனாவை வானம் பார்க்கத் திருப்பினால் போதும். விசாட்டை நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் அதில் இணையம், வீடியோ கான்ஃபரன்ஸ், பல பேர் ஒரே நேரத்தில் பேசுவது எல்லாம் நடக்கும். அடுத்த கட்டமாகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சக்கரத்தில் வைத்த டவரைக் கொண்டுவந்து, அறுந்த ஃபைபருக்குப் பதிலாகச் செயற்கைக்கோளோடு இணைக்கும். அப்போதுதான் சாதாரண மக்களின் போனுக்கு மறுபடி கோடு வரும். அத்தோடு, எந்த நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும் உயிரோடு இருக்கும் எந்த டவரிலும் பேசலாம் என்று தொலைத்தொடர்புத் துறை தற்காலிகமாகத் திறந்துவிடுவதும் அண்மைப் புயல்களில் வழக்கமாகியிருக்கிறது. உங்கள் போனில் சிக்னல் இல்லாவிட்டால் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ஒரு நாடே துண்டிக்கப்பட்டால்?

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவில் அது நடந்தது. கடலுக்கடியில் இருந்த எரிமலை வெடித்து, பிஜியோடு இணைத்த 827 கிலோமீட்டர் கேபிள் அறுந்தது. ஒரு லட்சம் மக்கள் உள்ள நாடு மொத்தமாக மௌனமானது. வெளிநாட்டில் இருந்த டோங்கா மக்கள் நாள்கணக்கில் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். எரிமலைச் சாம்பல் சாட்டிலைட் போன்களையும் ஆரம்பத்தில் தடுமாற வைத்தது. தாழ்வான மாங்கோ தீவிலிருந்து ஒரே ஒரு அவசர பீக்கன் சிக்னல் கிடைத்தது. விமானம் போய்ப் பார்த்தபோது அங்கே வீடுகள் எல்லாமே அழிந்திருந்தன.

சில நாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் டிஷ்ஷை வைத்து மெலிதான 2ஜி சேவை வந்தது. குறுஞ்செய்திக்குக்கூட வரிசை. கேபிள் சரியாகப் பிப்ரவரி 22 ஆனது. தொலைத் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிள் சரியாக ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்தது, அதுவரை அங்கே செயற்கைக்கோள்தான் வாழ்க்கை. பலர் கவனிக்காதது ஒன்று: வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் டோங்கா பொருளாதாரத்தின் முதுகெலும்பு. இணையம் போனதும் பணம் வருவதும் நின்றது. மீட்சி என்றால் செங்கலும் சிமெண்டும் மட்டும் இல்லை.

நமக்கும் இதே போன்ற தீவுகள் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்படும்வரை அந்தத் தீவுகளின் முழு இணையமும் செயற்கைக்கோள் வழியாகத்தான் போய்வந்தது. கேபிள் வந்தது நல்லது. பழைய டிஷ்களைத் துருப்பிடிக்க விடக்கூடாது.

2004 சுனாமியில் ஹாம் ரேடியோதானே கைகொடுத்தது? இவ்வளவு செலவு எதற்கு?

உண்மைதான். அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு (ஆர்வத்துக்காகச் சொந்த வயர்லெஸ்ஸில் பேசுபவர்கள்) தற்செயலாகப் போர்ட் பிளேயரில் இருந்தது. சுனாமி அடித்ததும் பொழுதுபோக்காக வந்த வேலை மீட்பு வேலையானது. கார் நிக்கோபார் போன்ற தீவுகளின் சேதியைக் கடத்தியதும், காணாமல் போனவர்களைப் பற்றி உறவினர்களுக்குத் தகவல் சொன்னதும் அவர்கள்தான். ஹாம் இன்றும் தேவை. ஆனால் அது ஆர்வமுள்ள, உரிமம் பெற்ற மனிதர் அந்த இடத்தில் இருப்பதைப் பொறுத்தது. இரண்டில் ஒன்று என்று பார்க்காமல் இரண்டும் என்று பாருங்கள்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

கொஞ்சம் தீரும். இலங்கையில் 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. ஒன்வெப் நிறுவனமும் வரிசையில் இருக்கிறது. அதன் செயற்கைக்கோள்களில் 72ஐ 2022, 2023இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவே இரண்டு தவணையாக ஏவியது.

வேகம் அருமை, நிறுத்துவது சுலபம். ஆனால் சாதாரண ஸ்டார்லிங்க் டிஷ் சுமார் 50 முதல் 100 வாட் வரை இழுக்கும். கரண்ட் இல்லாத ஊரில் அது நாள்முழுதும் ஓட நல்ல இன்வெர்ட்டரோ சோலாரோ வேண்டும். சாட்டிலைட் போனை ஒரு பவர் பேங்க்கே தாங்கும். அப்புறம், எல்லாத் தொடர்பும் ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் போவது பேரிடர் திட்டத்துக்கு நல்லதல்ல.

கையில் இருக்கும் சாதாரண போனிலேயே வருமாமே?

வந்துகொண்டிருக்கிறது. ஐபோன் 14 முதல் சில நாடுகளில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம், இந்தியாவில் இல்லை. 2024 அக்டோபரில் ஹெலின், மில்டன் சூறாவளிகளின்போது அமெரிக்காவில் ஸ்டார்லிங்கை நேரடியாக டி-மொபைல் போன்களோடு இணைத்து குறுஞ்செய்தி அனுப்ப அவசர அனுமதி கொடுத்தார்கள். இங்கே வர விதிமுறை முதலில் வர வேண்டும்.

கருவி இருந்தும் தோற்பது ஏன்?

எனக்குத் தெரிந்து இதுதான் மிக முக்கியமான கேள்வி, ஆனால் யாரும் அதிகம் கேட்பதில்லை.

2005இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கியது. அங்கே மாவட்டங்களுக்கு ஏற்கெனவே சாட்டிலைட் போன் கொடுத்திருந்தார்கள். மாதக் கட்டணத்தை மாநில அரசு கட்டிவந்தது. முந்தைய ஆண்டு அதை நிறுத்தியது. பெரும்பாலான மாவட்டங்கள் சேவையை விட்டுவிட்டன. புயல் வந்தபோது விஷயம் புரிந்தது. வேறு இடங்களில் போன் இருந்தது, சார்ஜ் இல்லை. இன்னும் சில இடங்களில் சார்ஜும் இருந்தது, கட்டிடத்துக்குள் நின்று பேசிப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று வைத்துவிட்டார்கள்.

நாடு தாண்டி வரும் உதவிக்கு இன்னொரு முட்டுக்கட்டை சுங்கம். நிவாரணக் குழுவோடு வந்த டிஷ் அனுமதி கிடைக்காமல் விமான நிலையக் கிடங்கில் தூங்கும். இதைத் தவிர்க்கவே 1998இல் டம்பெரே உடன்படிக்கை உருவானது, 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐநா தரப்பில் தொடர்புக்கான பொறுப்பு உலக உணவுத் திட்டத்திடம் இருக்கிறது. உணவு கொடுக்கும் அமைப்பிடம் ஏன் என்று தோன்றலாம். லாரி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் உணவு விநியோகம் நடக்காது.

எங்கள் கடலோர ஊராட்சி என்ன செய்து வைக்கலாம்?

புதிதாக வாங்குவதைவிட இருப்பதைச் சோதிப்பது முதல் வேலை. வட்டாட்சியர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சாட்டிலைட் போன் இருக்கிறதா, அது யார் பொறுப்பில், அந்த ஆள் மாற்றலாகிப் போனால் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, அதை வெளியே எடுத்து ஒரு நிஜ அழைப்பு செய்து பார்க்கச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் முழு எண்ணையும் எஸ்டிடி குறியீட்டோடு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ஏனென்றால் மாநில, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைகளின் 1070, 1077, கடலோரக் காவல்படையின் 1554 போன்ற குறுகிய எண்கள் உள்ளூர் நெட்வொர்க்கில் எளிதாகப் போகும். சாட்டிலைட் போனிலிருந்து போகும் என்று நம்பி உட்காரக் கூடாது.

மீனவ ஊர் என்றால் ஒவ்வொரு தங்கல் படகும் கிளம்பும்போது படகு எண், ஆள் எண்ணிக்கை, போகும் திசை, கருவி எண் நான்கையும் சங்க நோட்டில் எழுதும் பழக்கம் வேண்டும். டிரான்ஸ்பாண்டர் இருந்தாலும் நோட்டு வேண்டும். பள்ளி, சமுதாயக் கூடம் எதில் முகாம் நடக்குமோ அந்தக் கட்டிடத்தின் மொட்டைமாடிக்கு ஏணியும் ஒரு பிளக் பாயிண்டும் இருக்கட்டும். டிஷ்ஷோடு வரும் குழு முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.